வளைக்குள் குளவி

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் உள்ள மொஹாவி, சொனோரா பாலைநிலங்களில் வாழும் பாலை ஆமை, தன் வாழ்நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை மண்ணுக்குள்ளேயே கழிக்கிறது. முன்னங்கால்களால் தானே தோண்டிய வளைதான் அதன் வீடு. கோடை வெயில், குளிர்கால உறைபனி, மாதக்கணக்கில் நீளும் வறட்சி எல்லாவற்றையும் அந்த இருட்டுப் பொந்துக்குள் ஒடுங்கியபடியே அது கடக்கிறது.

அரிசோனா, நெவாடா, கலிஃபோர்னியா மாநிலங்களில் இந்த ஆமை வீட்டுக் கொல்லைகளிலும் வளர்கிறது. காட்டிலிருந்து அதைப் பிடித்துவருவது குற்றம். மொஹாவிப் பகுதி ஆமைகள் 1990-இல் அழியும் ஆபத்தை நெருங்கும் உயிரினமாக அறிவிக்கப்பட்டன. கொலராடோ ஆற்றுக்கு அப்பால் சொனோராவில் வாழ்பவை தனி இனம் என்று 2011-இல் பிரித்தறியப்பட்டது. கொல்லைகளில் இருப்பவை வளர்ப்பிலேயே பிறந்தவை, அல்லது முன்பு வளர்த்தவர்கள் கைவிட்டவை. வனவிலங்குத் துறையும் ஆமை ஆர்வலர் சங்கங்களும் அவற்றைத் தத்துக் கொடுக்கின்றன. ஒருமுறை மனிதர் கையில் வளர்ந்த ஆமையை மறுபடி பாலைவனத்தில் விடக் கூடாது. அதன் மூச்சுப்பாதையில் இருக்கக்கூடிய மைக்கோபிளாஸ்மா கிருமி காட்டு ஆமைகளுக்குத் தொற்றிவிடும். ஆகவே ஐம்பது, எண்பது ஆண்டுகள் வாழக்கூடிய ஒரு பிராணிக்குப் பாலைவனம் செய்துவந்த வேலை முழுவதையும் ஒரு கொல்லைப்புறம் செய்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே இயற்கையில் வாழும் நட்சத்திர ஆமை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருப்பதே தண்டனைக்குரியது. அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி வாங்கி வளர்ப்பவர்கள் அறிந்தோ அறியாமலோ கடத்தலுக்குத் துணைபோகிறார்கள். இந்த அத்தியாயம் பேசுவது, வளர்ப்பதற்குச் சட்டம் இடம்தரும் நாட்டையும் அங்குள்ள ஆமையையும் பற்றி.

கொல்லையில் வளரும் பாலை ஆமைக்குக் கோடையில் வரும் ஆபத்துகளில் வெயிலும் குளவியும் முக்கியமானவை. இரண்டையும் தனித்தனியாகக் கையாள்வதுதான் வழக்கம். ஆனால் இரண்டும் ஒரே முடிச்சின் இரு நுனிகள். ஆமையை வெயிலிலிருந்து காப்பவை நிழல், ஈரம், மண்மூடிய பொந்து. அதே வெயிலில் வாடும் குளவியும் தேனீயும் தேடுவது அவற்றையேதான். ஆமைக்காக நல்ல இடம் அமைத்தவர், தெரியாமலே குளவிக்கும் நல்ல இடம் அமைத்துக் கொடுத்திருப்பார்.

முதலில் வெப்பம். ஆமைக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. தன் உடல் வெப்பத்தை அது இடம்மாறியே சீராக்குகிறது. குளிர்ந்தால் வெயிலுக்கு வரும், சுட்டால் நிழலுக்குப் போகும். இங்கிலாந்தின் செல்போர்ன் ஊர்ப் பாதிரியார் கில்பர்ட் வைட் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார். டிமத்தி என்று பெயரிடப்பட்ட அவரது தோட்டத்து ஆமை, கோடை வெயிலில் முட்டைக்கோஸ் இலையின் அடியில் ஒதுங்கியது. இலையுதிர் காலத்தில் சுவரோரம் ஓட்டைச் சாய்த்துவைத்துக் கிடைத்த வெயிலை முழுதும் வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தின் கோடைக்கு ஒரு முட்டைக்கோஸ் இலை போதும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் போதாது. 2023-இல் அங்கே ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43.3 டிகிரி செல்சியஸையோ அதற்கு மேலோ தொட்டது. பாலை ஆமையின் உடல் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும்போதே ஆபத்து தொடங்குகிறது. 43-ஐ ஒட்டினால் உயிர் போகிறது. அந்த ஒரு மாதமும் நிழலில் இருந்த காற்றே ஆமையின் உயிர் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெயில் நேரடியாக விழும் தரை 60 டிகிரியைத் தாண்டும்.

உடல் அளவுக்கு மீறிச் சூடேறும்போது ஆமை கடைசி முயற்சியாக வாயில் நுரைதள்ளித் தன் கழுத்தையும் முன்கால்களையும் நனைத்துக்கொள்ளும்; பின்கால்களில் சிறுநீரை விடும். அந்த நீர் ஆவியாகும்போது உடல் சற்றுக் குளிரும். ஆனால் இதற்காக அது செலவிடுவது தன் சேமிப்பை. பாலை ஆமையின் சிறுநீர்ப்பை வெறும் கழிவுத்தொட்டி அல்ல, தண்ணீர்க் கிடங்கு. மழைநாளில் குடித்ததை மாதக்கணக்கில் தேக்கிவைத்து, உடல் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. பயந்துபோன ஆமை இந்த நீரைக் கொட்டிவிடும் என்பதால்தான் காட்டில் அதைக் கண்டால் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். கொல்லையிலும் அவசியமில்லாமல் தூக்காமல் இருப்பது நல்லது. தூக்க நேர்ந்தால் உடனே குடிக்கத் தண்ணீர் வைக்க வேண்டும்.

குஞ்சுகளின் நிலை இன்னும் இக்கட்டானது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளம்தான். உடலின் கனத்தோடு ஒப்பிட்டால் வெயில் படும் பரப்பு அதற்கு மிக அதிகம். பெரிய ஆமை தாங்கும் வெயிலில் குஞ்சு பல மடங்கு வேகமாகச் சூடேறிவிடும். மல்லாந்து விழுந்த ஆமைக்கும் நேரம் அதிகம் கிடையாது. ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டை ஒட்டி இருக்கிறது. மல்லாந்தால் குடலும் ஈரலும் அதன்மேல் அழுந்தி மூச்சு திணறும். நகர்ந்து நிழலுக்குப் போகவும் வழியில்லை. அடைப்பின் கூர்மையான மூலைகளில், சுவரில் ஏற முயன்றுதான் ஆமைகள் பெரும்பாலும் புரள்கின்றன. மூலைகளை வளைவாக அமைப்பதும், வெளியே தெரியாதபடி வேலியை அடைப்பதும் இதனால்தான். கம்பிவலை வழியே அப்பால் தெரியும் இடத்துக்குப் போய்விடத் துடித்து, உச்சிவெயிலில் வேலியோரமாகவே ஆமை மணிக்கணக்கில் நடந்து சோரும்.

இத்தனைக்கும் பாலைவனம் கண்ட தீர்வு வளை. அது ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் செயற்கை வளையைச் சரியாக அமைக்க முடியும். பகலில் சூடேறி இரவில் ஆறும் தரையின் வெப்பம் ஓர் அலைபோல மண்ணுக்குள் இறங்குகிறது. காய்ந்த மணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். ஏறக்குறைய ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் அந்த ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தரைமட்டத்தில் பகலுக்கும் இரவுக்கும் 40 டிகிரி வித்தியாசம் இருந்தால் முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் அது இரண்டு டிகிரி அளவுக்குக் குறைந்துவிடும். அலை இறங்க நேரமும் பிடிக்கிறது. பிற்பகல் வெயிலின் சூடு அந்த ஆழத்தை எட்டும்போது வெளியே நள்ளிரவு கடந்திருக்கும்.

இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. ஆழம் ஏற்ற இறக்கத்தைத்தான் அழிக்கிறது, சராசரியை அழிப்பதில்லை. நாள் முழுக்க வெயில் காயும் வெறுந்தரையின் கோடைச் சராசரியே மிக அதிகம். ஆகவே மேலே நிழலில்லாமல் முப்பது சென்டிமீட்டர் மண் மட்டும் போட்ட வளை, இரவும் பகலும் ஒரே சீராகச் சுடும் அறையாகிவிடலாம். சராசரியைக் குறைக்கும் வேலை நிழலுடையது. மண்ணும் மரமும் சேர்ந்தால்தான் வளை. மாலையில் வளையின் மேல்மண்ணை நனைத்துவிடுவது இன்னொரு உதவி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வீட்டுத் திண்ணையில் தண்ணீர் தெளித்து உட்காரும் வழக்கத்துக்கு அடியிலிருக்கும் இயற்பியலும் இதுதான்.

வளையின் தரை வாயிலிலிருந்து உள்நோக்கிச் சரிய வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தாழ்ந்த முனையில் தங்கும். வாயில் மேற்கையோ தெற்கையோ பார்க்கக் கூடாது. உள்ளே ஆமை திரும்பும் அளவுக்கு அகலம் வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் புகாதபடி வாயிலருகே ஒரு சிறு மேடு வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அரிசோனாவில் பருவமழை திடீரென்று கொட்டும். நன்றாகத் தூங்கும் ஆமை அதில் மூழ்கிப்போகலாம். மண் மூடாத பிளாஸ்டிக் நாய்க்கூண்டு, தகரம், மரப்பெட்டி எதுவும் வளைக்கு மாற்றாகாது. வெயிலில் அவை அடுப்பாகிவிடும். இவற்றையெல்லாம் செய்தபின் உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து, கடும்கோடையில் ஒரு வாரம் அதன் உச்ச அளவைப் பார்ப்பதற்கு ஈடாக எந்த அறிவுரையும் இல்லை.

நிழலுக்கு மெஸ்கீட், பாலோ வெர்டே போன்ற அந்நிலத்து மரங்களே சிறந்தவை. மெஸ்கீட் நம் ஊரில் பரவிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. இங்கே அது நிலத்தடி நீரை உறிஞ்சும் பகையென்று பெயரெடுத்திருந்தாலும், பிறந்த மண்ணில் ஆமைக்குக் குடை பிடிக்கிறது. ஃபீனிக்ஸ் வீடுகளில் வேலியாக வளர்க்கப்படும் அரளியை ஆமைக்கு எட்டும் தூரத்தில் வைக்கக் கூடாது. உதிர்ந்த அரளி இலையும் நஞ்சு.

இப்போது குளவிகள். எல்லாக் குளவியும் ஒன்றல்ல. நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியின் உறவுகள் அமெரிக்கப் பாலையிலும் உண்டு. அவை தனித்து வாழ்பவை. சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கி, கூட்டுக்குள் தம் குஞ்சுக்கு இரையாக வைத்து மூடிவிடும். காக்க ஒரு கூட்டம் இல்லாததால் அவை ஆமையையோ மனிதரையோ துரத்துவதில்லை. அவற்றை விட்டுவிடலாம்.

கவலைக்குரியவை கூட்டமாக வாழ்பவை. காகிதக்குளவி மரநாரை மென்று, ஒற்றைக் காம்பில் தொங்கும் குடைபோன்ற திறந்த கூட்டைக் கட்டுகிறது. மழையும் வெயிலும் படாத கூரையின் அடிப்பக்கம்தான் அது தேடும் இடம். ஆமை வளையின் வாயில் கூரை அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. கூடு சிறிதாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் வாழும். கூடு வளர்ந்து தாழ்ந்ததும், உள்ளே நுழையும் ஆமையின் முதுகோடு அதில் உரசும். குளவிக்கூட்டைக் கலைத்த கதையென்று நாம் பேச்சில் சொல்வது அங்கே உண்மையாகவே நடக்கும். மஞ்சள்வரிக் குளவி இன்னொரு வகை. கைவிடப்பட்ட எலிவளைகளிலும், உள்ளீடற்ற சிமென்ட் கற்களின் துளைகளிலும் காகித உறை போர்த்திய பெரிய கூட்டை அமைக்கும். கோடை முடிவில் அதில் ஆயிரக்கணக்கான வேலைக்காரக் குளவிகள் இருக்கலாம். செயற்கை வளையின் பக்கச்சுவருக்குச் சிமென்ட் கல் வைப்பவர்கள் அதன் துளைகளை மண்ணால் இறுக அடைத்துவிட வேண்டும். கட்டும் நாளில் பத்து நிமிடம் பிடிக்கும் இந்த வேலை பல கோடைகளின் தொல்லையைத் தவிர்க்கும்.

மூன்றாவது ஆபத்து குளவி அல்ல, தேனீ. ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீக்கள் 1990-இல் டெக்சஸ் எல்லையைக் கடந்து, 1993-இல் அரிசோனாவை எட்டின. பாலையில் இவை தண்ணீர் மீட்டர் குழிகளிலும் தரையடிப் பொந்துகளிலும் குடியேறுகின்றன. ஒரு தேனீ கொட்டும்போது வெளிப்படும் எச்சரிக்கை வாசனை மற்றவற்றையும் அதே இடத்துக்கு இழுக்கும். ஓட முடியாத பிராணிக்கு இது கொடுமை. ஆமை தலையை இழுத்து முன்கால்களால் வாயிலை மூடிக்கொள்ளும். அந்தச் செதில் படர்ந்த கால்கள் நல்ல கேடயம்தான். ஆனாலும் கண்ணோரம், கழுத்து, தொடை மடிப்பு, வால்பகுதி ஆகிய மெல்லிய தோலிடங்கள் இருக்கவே செய்கின்றன.

இந்தப் பூச்சிகள் கொல்லைக்கு வர முதற்காரணம் தண்ணீர். காகிதக்குளவியும் தேனீயும் வெயில் ஏறியதும் நீரைச் சுமந்துவந்து கூட்டின் அறைகளில் துளித்துளியாக வைத்து, சிறகால் விசிறி ஆவியாக்கிக் கூட்டைக் குளிரவைக்கின்றன. வளையின் மேல் தெளித்த நீர் செய்யும் அதே வேலை. எனவே வெப்பம் ஏற ஏற, ஆமையின் தண்ணீர்த் தட்டில் கூட்டம் கூடும். இதற்கு ஆமையின் நேர ஒழுங்கே வழிகாட்டுகிறது. கோடையில் அது விடியற்காலையில் வெளிவந்து, மேய்ந்து, குடித்து, வெயில் ஏறுமுன் வளைக்குத் திரும்பிவிடும். விடியலில் தட்டை வைத்து, ஆமை உள்ளே போனதும் எடுத்துக் கவிழ்த்துவிட்டால் உச்சிப்பொழுதில் பூச்சிக்கு அங்கே வேலையில்லை. தட்டு ஆழமற்றதாக, தரைமட்டத்துக்குப் புதைத்ததாக இருக்க வேண்டும். அடைப்புக்கு வெளியே தொலைவில் கூழாங்கல் நிரப்பிய ஒரு தண்ணீர்த்தொட்டியைக் கோடை தொடங்குமுன்பே வைத்துவிடுவது நல்லது. தேனீ ஒருமுறை பழகிய நீர்நிலைக்கே திரும்பத் திரும்ப வரும். எங்கே பழகட்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம்.

இரண்டாவது காரணம் தீனி. பாலை ஆமைக்கு ஏற்றது புல்லும் இலையும் பூவும். அரிசோனா வீட்டுப் புல்தரைகளில் பெர்முடா என்ற பெயரில் வளர்வது நம் அறுகம்புல்தான். சப்பாத்திக்கள்ளி மடலும் செம்பருத்திப் பூவும் அது விரும்பி உண்பவை. தர்பூசணி, வாழைப்பழம், திராட்சை ஆகியவற்றைப் பாசத்தால் ஊட்டுவது ஆமையின் குடலுக்கும் நல்லதல்ல, கோடை இறுதியில் இனிப்புக்கு அலையும் மஞ்சள்வரிக் குளவியையும் வரவழைக்கும். அத்திமரமோ திராட்சைக் கொடியோ அடைப்பின்மேல் கவிந்திருந்தால் உதிரும் பழத்தை அன்றாடம் பொறுக்க வேண்டும். இந்தக் குளவி புலாலும் தின்னும். ஆமையின் உடலில் ஆறாத புண் இருந்தால் குளவியும் ஈயும் அங்கே மொய்க்கும்; ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். காயம்பட்ட ஆமையை ஆறும்வரை வீட்டுக்குள் வைப்பதே பாதுகாப்பு.

கூடு கட்டிவிட்டால் என்ன செய்வது? கையில் கிடைத்த பூச்சிமருந்தை வளைக்குள் அடிப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. தரையோடு தரையாக ஊர்ந்து, அந்த மண்ணையே முகர்ந்து, அங்கே முளைத்த புல்லையே தின்னும் பிராணி அது. மருந்துத் தூள் மூடிய பொந்துக்குள் நெடுநாள் தங்கும். பெட்ரோல் ஊற்றுவதும் புகைபோடுவதும் அப்படியே. செய்ய வேண்டியது முதலில் ஆமையை அகற்றுவது. குளவிகள் இரவில் அடங்கியிருக்கும், ஆமையும் அப்போது உள்ளேதான் இருக்கும். ஆகவே அதிகாலையில் ஆமை மேயப் போயிருக்கும் நேரத்தில் அந்த வளைக்குத் திரும்பாதபடி அடைப்பைப் பலகையால் தடுத்து, வேறு வளைக்குப் பழக்க வேண்டும். இதற்கு இரண்டாவது வளை ஏற்கெனவே இருந்தாக வேண்டும். பலர் ஒரு வளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 43 டிகிரி வெயிலில் இருக்கும் ஒரே தஞ்சத்தைக் குளவி பிடித்துக்கொண்டால் ஆமைக்குப் போக்கிடம் ஏது? ஆமை வெளியேறியபின், உள்ளங்கை அளவுக்கும் சிறிய கூட்டை இரவில் சவர்க்கார நீர் தெளித்து அழிக்கலாம். சவர்க்காரம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் அது பூச்சியின் மூச்சுத்துளைகளுக்குள் புகுந்துவிடுகிறது. தரைக்குள் பெரிய கூடு, தேனீக் குடியிருப்பு இரண்டையும் பழகிய ஆட்களிடம் விட்டுவிட வேண்டும். உறவினர் உதவியோடு துணிந்து பார்க்கும் விஷயம் அல்ல அது. ஆமையில்லாத ஒரு மரத்தின் உச்சியில் இருக்கும் காகிதக்குளவிக் கூட்டை அழிக்கத் தேவையில்லை. தோட்டத்துப் புழுக்களை அது தன் குஞ்சுகளுக்கு இரையாக்குகிறது.

கொட்டுப்பட்ட ஆமையை நிழலுக்கும் அமைதிக்கும் கொண்டுவந்து, தேனீயின் கொடுக்கு தோலில் தங்கியிருந்தால் தட்டையான பொருளால் சுரண்டி எடுக்க வேண்டும். குளவியின் கொடுக்கு வழவழப்பானது, தங்காது. அதனால்தான் ஒரே குளவி பலமுறை கொட்டுகிறது. குளிர்நீரில் நனைத்த துணியை வீக்கத்தில் வைக்கலாம். மனிதருக்கான ஒவ்வாமை மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. கண் மூடுமளவு வீக்கம், தலையை உள்ளிழுக்க முடியாமை, வாய் திறந்து மூச்சு விடுதல் ஆகியவை ஊர்வன மருத்துவம் தெரிந்தவரிடம் உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்.

வெயில் தாக்கிய ஆமை முதலில் வெறிகொண்டதுபோல் நடக்கும். வாயில் நுரை கட்டும். பிறகு கால்கள் தொய்ந்து விழும். அதை நிழலுக்கு எடுத்துவந்து, அறை வெப்பமுள்ள ஆழமற்ற நீரில், தலை நீருக்கு வெளியே நிற்கும்படி தாங்கி வைக்க வேண்டும். பனிக்கட்டி கூடாது, சோர்ந்த ஆமை கழுத்தளவு நீரிலும் மூழ்கிவிடும் என்பதால் விட்டு அகலவும் கூடாது. எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். சிறுநீரகச் சேதம் சில நாள் கழித்தே வெளிப்படலாம்.

அக்டோபர், நவம்பரில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் ஆமை தீனியை நிறுத்திக் குளிர்கால உறக்கத்துக்குத் தயாராகிறது. குளவிக் கூட்டமும் அப்போது கலைகிறது. வேலைக்காரக் குளவிகள் மடிய, கருவுற்ற ராணிகள் மட்டும் இடுக்கு தேடி ஒளிகின்றன. ஆமை உள்ளே அடையுமுன் வளையின் கூரையையும் சுவர் இடுக்குகளையும் கைவிளக்கால் பார்த்து, பழைய கூடுகளைச் சுரண்டி எடுத்து, விரிசல்களை மண்ணால் பூசிவிட வேண்டும். அடுத்த பார்வை பிப்ரவரி கடைசியில். விழித்தெழும் ராணி தனியொருத்தியாக, விரல்நுனி அளவுக் கூட்டைத் தொடங்கும் நாட்கள் அவை. மார்ச்சில் ஆமை வாயிலுக்கு வந்து முதல் வெயிலில் தலைநீட்டுமுன் அந்தக் கூட்டை ஒரு குச்சியால் தட்டிவிட முடியும்.